பெட்டரியும் வாழைப்பழமும்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் இருபத்தொரு பிள்ளைகள். தாய்மார் கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை அத்தனைக்கும் நான்தான் பொறுப்பு. மூக்கைத் துடைக்காமல் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவளை நான் சும்மா விட்டதில்லை. அதனால் விஜயகலா என்றாலே அவர்களுக்குக் கொஞ்சம் பயம்.

அன்று பத்து மணிக்கு, சிவகௌரியின் மகள் அபிஷா பாட்டுப் பாடும் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு எச்சிலாய் வடித்தாள். இரண்டரை வயது. தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று நினைத்து, மீன் முள் சிக்கினால் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வாழைப்பழத்தைப் பிசைந்து ஊட்டினேன். பிறகுதான் பொம்மையின் முதுகைப் பார்த்தேன். மூடியும் இல்லை, பொத்தான் அளவு பெட்டரியும் இல்லை. பிள்ளை அதைத்தான் விழுங்கியிருக்கிறாள்.

மற்றப் பிள்ளைகளைச் சமைக்கிறவளிடம் விட்டுவிட்டு, கொழுந்து மலையிலிருந்து சிவகௌரியைக் கூப்பிட்டு நிஸாரின் ஆட்டோவில் ஏறினோம். தாயும் பிள்ளையும் பின்னால். நான் முன்னால் ஒண்டிக்கொண்டு, வழி முழுக்க போனில், தோட்டத்தை நடத்தும் துரையிடம் கத்தினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்ததும் டொக்டரம்மா சிங்களத்தில் சொன்னார். பெட்டரி உணவுக்குழாயில் நிற்கிறது, உள்ளே சுட்டுப் புண்ணாக்கும், இப்போதே மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டும். கடைசியாக என்ன சாப்பிட்டாள்?

"உதே ரொட்டி விதரய்," என்றாள் சிவகௌரி, தலையைக் குனிந்துகொண்டு. காலையில் ரொட்டி மட்டும்.

பத்து மணிக்கு ஊட்டிய பழம் எனக்குத்தான் தெரியும். சொன்னால் பதினாறு வருட வேலை போய்விடும். சொல்லாவிட்டால், மயக்கத்தில் பிள்ளை வாந்தியெடுத்து மூச்சு அடைத்துவிட்டால்?

"நான் வாழைப்பழம் கொடுத்தேன் டொக்டர்," என்றேன்.

அவர் திட்டவில்லை. வயிற்றில் சாப்பாடு இருக்கிறது, ஆயத்தமாக இருங்கள் என்று உள்ளே சொல்லிவிட்டுப் போனார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கறுத்துப்போன பெட்டரியைக் கொண்டுவந்து காட்டினார்கள். மயக்கம் கொடுக்கும்போது பழம் மேலே வந்ததாம். ஆயத்தமாக இருந்ததால் உடனே உறிஞ்சி எடுத்தார்களாம். புண் சின்னதுதான், ஆறிவிடும் என்றார்கள்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று சிவகௌரியிடம் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, ஆட்டோவுல நானும் ஒரு பழம் ஊட்டுனேங்க. டாக்டரம்மா கேட்டப்ப பயத்துல பொய் சொல்லிட்டேன். நீங்க சொல்லலன்னா எம்புள்ள..."

அழுதாள். வேறு நாளாக இருந்தால் கிழித்திருப்பேன். அன்று என்னால் முடியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தொர கேட்டா, ரெண்டு பழமும் நான்தான் குடுத்தேன்னு சொல்லிர்றேங்கக்கா. உங்க வேல போகக்கூடாது," என்றாள்.

"இன்னொரு பொய் சொன்னே, பல்லு ஒடஞ்சிரும்," என்று சொல்லிவிட்டு, அவளை இறுக்கக் கட்டிக்கொண்டேன்.