இஸ்பேட் ரெண்டு

புருஷனை விட்டுப் பிரிஞ்சது எனக்கு அவ்வளவு கஷ்டமா இல்ல. சீட்டாட்டக் கூட்டாளியை விட்டுப் பிரியணும்னப்போதான் உயிரே போச்சு. ரெண்டு பேரும் ஒரே ஆளுங்கிறதுதான் கூத்து.

கோர்ட்டுல கையெழுத்துப் போட்டு சில வருஷம் ஆச்சு. போட்ட அந்த வாரம்கூட நாங்க செவ்வாய்க்கிழமை கிளப்புக்குப் போய் எதிரும் புதிருமா உக்காந்து பிரிட்ஜ் ஆடினோம். எங்க அம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "வேணாம்னுதானே எழுதிக் குடுத்துட்டு வந்தே? அப்புறம் வாரா வாரம் அந்த மூஞ்சியைப் பாக்க எதுக்குடி போறே?" மூஞ்சியை யாரும்மா பாக்குறா, நான் சீட்டைப் பாக்குறேன்னு சொன்னேன். அம்மாவுக்கு அது புரியல.

நான் பல் டாக்டர். நாள் பூரா நான் பேசுவேன், எதிர்ல இருக்கிறவங்க வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு பதில் சொல்ல முடியாம கிடப்பாங்க. அந்தப் பழக்கம் கிளப்புலயும் தொத்திக்கிச்சு. கூட்டாளி தப்பா ஒரு சீட்டைப் போட்டா அங்கேயே வெச்சு வாங்கிடுவேன். அப்படி நாலு பேர் என் எதிர்ல உக்காந்து பாத்துட்டு ஓடிட்டாங்க. ஒருத்தர் ஊரையே மாத்திக்கிட்டாருன்னு கேள்வி, அதுக்கு நான் காரணமா இருக்க மாட்டேன்னுதான் நினைக்கிறேன். தாக்குப் பிடிச்சவர் சர்வேயர் ஒருத்தர்தான், அதான் என் முன்னாள் புருஷன். நிலத்தை அளக்குறவர், பொறுமைசாலி. நான் கத்த ஆரம்பிச்சா கண்ணாடியைக் கழட்டித் தொடைப்பாரு. அவர் தொடைச்சு முடிக்கிறதுக்குள்ள நான் ஓஞ்சிருப்பேன்.

இந்த ஆட்டத்துக்கு ஒத்தையாப் போக முடியாது. ஜோடி இல்லைன்னா வாசல்லயே நிக்க வேண்டியதுதான். எனக்கு அவரை விட்டா ஆள் கிடையாதுன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அன்னைக்கு மாடிப்படி ஏறும்போது, பாதியில நின்னு சொன்னாரு. "அடுத்த மாசத்துல இருந்து நான் அவகூட ஆடலாம்னு இருக்கேன்."

அவன்னா மருந்துக்காரி. முனை மருந்துக்கடையில மருந்து எடுத்துக் குடுக்குறவ, கிளப்புல அதுதான் பேரு. ரெண்டு பேரும் கொஞ்ச நாளா சேர்ந்துதான் சுத்துறாங்க, கல்யாணப் பேச்சும் நடக்குது. அதுல எனக்கு வருத்தம் இல்ல. என்னைப் பாத்தா வாய் நிறைய அக்காம்பா. முன்னாள் பொண்டாட்டிக்கும் வருங்காலப் பொண்டாட்டிக்கும் நடுவுல என்ன முறைன்னு யாருக்குத் தெரியும்? சக்களத்தின்னு சொல்லணும்னா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வேலையில இருக்கணும். ஆளைக் கூட்டிக்கிட்டுப் போகட்டும், ஆட்டத்தை விட்டுட்டுப் போகட்டும்னுதான் எனக்குத் தோணுச்சு. வாய்விட்டுச் சொல்லல. "சரி"ன்னு மட்டும் சொல்லிட்டு மேல ஏறினேன்.

மேல ஹால்ல எங்க மேஜைக்கு எதிரணியா யார் வந்து உக்காந்தாங்கன்னா, அவளேதான். அவளோட அன்னைக்கு ஜோடி நாய் டாக்டர், அதாவது கால்நடை மருத்துவர். எனக்கு இடது பக்கம் அவ, வலது பக்கம் நாய் டாக்டர். வேலியில போற ஓணானை நான் எடுத்து விட்டுக்கல, தானா வந்து ஏறிக்கிச்சு.

பிரிட்ஜ் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆளுக்குப் பதிமூணு சீட்டு, ரெண்டு ரெண்டு பேரா கூட்டு. சுத்துக்கு ஆளுக்கொரு சீட்டு, பெரிய சீட்டு ஜெயிச்சா அது ஒரு பிடி. எத்தனை பிடி எடுப்போம்னு முதல்ல ஏலம் கேக்கணும். ஏலம் எடுத்த ஜோடியில ஒருத்தர்தான் ஆடணும். இன்னொருத்தர் தன் சீட்டை எல்லாரும் பாக்க மேஜையில விரிச்சுட்டு சும்மா இருக்கணும். அவர் டம்மி. ஆக, எனக்கு இருபத்தாறு சீட்டு தெரியும், மிச்சம் இருபத்தாறு எதிராளிங்க ரெண்டு பேர்கிட்ட மறைஞ்சிருக்கும். யார்கிட்ட எந்த இனத்துல எத்தனைன்னு விழுற சீட்டை வெச்சு எண்ணிக் கண்டுபிடிக்கணும். எண்ணத் தெரியாதவன் ஆடுறது கண்ணைக் கட்டிக்கிட்டு பல்லு பிடுங்குற மாதிரி.

அன்னைக்கு ஒரு ஆட்டத்துல நாங்க துருப்பு இல்லாம பன்னெண்டு பிடி கேட்டுட்டோம். பதிமூணுல ஒண்ணைத்தான் விடலாம். சர்வேயர் டம்மி ஆகி சீட்டை விரிச்சாரு. வழக்கம்போல ஓரம் நேர் பாத்து, அளவுகோல் வெச்ச மாதிரி.

மருந்துக்காரி முதல் சீட்டா இஸ்பேட் ரெண்டை இறக்கினா. நாய் டாக்டர் ராஜாவைப் போட்டாரு, விட்டுட்டேன். அவர் இஸ்பேட் ஜாக்கியைத் திருப்பி இறக்கினாரு, ஏஸை வெச்சு எடுத்தேன். இனி ஒண்ணுகூட விட முடியாது.

கணக்குப் போட்டேன். இஸ்பேட்ல ஒண்ணு ஆச்சு. டைமண்ட்ல நாலு, ஆர்ட்டின்ல நாலு, கிளாவர்ல ஏஸும் ராஜாவும் ரெண்டு. மொத்தம் பதினொண்ணு. பன்னெண்டாவது கிளாவர் ஜாக்கியில இருந்துதான் வரணும், அதுக்கு கிளாவர் ராணி யார்கிட்ட இருக்குன்னு தெரியணும். அவகிட்டன்னா ஒரு வழி, நாய் டாக்டர்கிட்டன்னா வேற வழி. தப்பான வழியில போனா ஆட்டம் காலி.

அவசரப்படல. முதல்ல டைமண்ட் நாலையும் ஆடினேன். நாய் டாக்டர் நாலு தடவையும் டைமண்ட் போட்டாரு. மருந்துக்காரி மூணு தடவை போட்டுட்டு, நாலாவதுக்கு இஸ்பேட் ஒண்ணைக் கழிச்சா. ஆர்ட்டின் ஆடினேன். மூணு சுத்துக்கு ரெண்டு பேரும் ஆர்ட்டின் போட்டாங்க. அவங்ககிட்ட இருந்த ஆறும் தீந்துபோச்சு, ஆளுக்கு மூணு.

இப்ப அந்த இஸ்பேட் ரெண்டு. நீளமான இனத்துல இருந்து இறக்கும்போது மேல இருந்து நாலாவது சீட்டை இறக்கணும்ங்கிறது ஆட்டத்துல பழக்கம். ரெண்டுக்குக் கீழ சீட்டே கிடையாது. ரெண்டு நாலாவதுன்னா, அவகிட்ட இஸ்பேட் நாலோட சரி. நாலு இஸ்பேட், மூணு ஆர்ட்டின், மூணு டைமண்ட், பத்து ஆச்சா. மிச்சம் கிளாவர் மூணு. எதிராளிங்ககிட்ட மொத்தம் கிளாவர் ஆறு, அப்படின்னா நாய் டாக்டர்கிட்டயும் மூணு. ராணி எந்த மூணுல இருக்குன்னு சொல்ல முடியாது. மதில் மேல் பூனைதான். காசைச் சுண்டிப் பாக்கலாம், அவ்வளவுதான்.

எரிச்சலா வந்துச்சு. சர்வேயரோட நான் ஆடுற கடைசி ஆட்டங்கள்ல ஒண்ணு, அதைப் போய் பூவா தலையான்னு ஆடணுமா?

நாலாவது ஆர்ட்டினை இறக்கினேன். மருந்துக்காரி இன்னொரு இஸ்பேட்டை சாவகாசமாக் கழிச்சா. நாய் டாக்டர் முறை. மனுஷன் ஒரு சீட்டைத் தொட்டாரு. விட்டாரு. பக்கத்துச் சீட்டைத் தொட்டாரு. மூக்கைச் சொறிஞ்சாரு. கடைசியில குட்டிக் கிளாவர் ஒண்ணை, பெத்த பிள்ளையைக் குடுக்குற மாதிரி, மேஜையில வெச்சாரு.

எனக்கு அங்கதான் பொறி தட்டுச்சு. எதிராளிங்ககிட்ட மொத்தம் இஸ்பேட் ஏழு, அவகிட்ட நாலுன்னா இவர்கிட்ட மூணு, ரெண்டு போட்டாச்சு, இன்னும் ஒண்ணு இருக்கணும். ஒண்ணுக்கும் உதவாத சீட்டு. கையில குப்பை இருக்கிறவன் குப்பையைத்தானே முதல்ல வீசுவான், எதுக்கு இவ்வளவு யோசனை? இவர் தொட்டதெல்லாம் கிளாவர்தான். வீச வேற ஒண்ணும் இல்லாததால தடுமாறுறாரு. அப்படின்னா இவர்கிட்ட இருந்த இஸ்பேட் ரெண்டே ரெண்டு, ரெண்டும் போயாச்சு. கிளாவர் நாலு. இவர்கிட்ட இஸ்பேட் ரெண்டுன்னா, அவகிட்ட அஞ்சு.

அஞ்சு வெச்சுக்கிட்டு ரெண்டை இறக்கியிருக்கா. இறக்க வேண்டியது அதுக்கு அடுத்த பெரிய சீட்டை. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைச்சு, மேல நெய்யும் ஊத்தியிருக்கா.

அவளை நிமிர்ந்து பாத்தேன். ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தா, மாத்திரை அட்டையை எண்ணிக் குடுக்கும்போது இருக்கிற அதே முகம். எனக்குக் கோபம் வந்திருக்கணும். வரல. வந்தது வேற. இவ எப்படி யோசிக்கிறா? ஆட்டம் பழகி ரெண்டு வருஷம்கூட ஆகல, முதல் சீட்டுலயே என் கணக்கைக் குழப்பணும்னு இவளுக்கு எப்படித் தோணுச்சு? இவளே என் எதிர்ல உக்காந்து, இந்த மூளை என் பக்கம் வேலை செஞ்சா எப்படி இருக்கும்? சர்வேயர் அஞ்சு சீட்டு வெச்சிருந்தா ஆயுசுக்கும் நாலாவதைத்தான் இறக்குவாரு. புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு.

கிளாவர் நாலு நாய் டாக்டர்கிட்ட, ரெண்டு அவகிட்ட. ராணி இருக்க அவர் பக்கம்தான் வாய்ப்பு ரெட்டிப்பு. டம்மியில இருந்து ஏஸை ஆடினேன், எல்லாரும் சின்னது போட்டாங்க. அடுத்தது டம்மி ஜாக்கி. நாய் டாக்டர் சின்னது போட்டாரு. என் கையில ராஜாவும் பத்தும். பத்தைப் போட்டுட்டு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இடது பக்கம் பாத்தேன். ராணி அவகிட்ட இருந்தா நான் காலி.

அவ ஒரு குட்டிக் கிளாவரை வெச்சா. ஜாக்கி நின்னுச்சு. கடைசிப் பிடியை ராஜா எடுத்துச்சு. பன்னெண்டு.

"நல்லா ஆடினே"ன்னாரு சர்வேயர். நாய் டாக்டர் தன் ராணியை மேஜையில தூக்கிப் போட்டுட்டு, "எக்ஸ்ரே எடுத்தியாம்மா?"ன்னாரு.

நான் மருந்துக்காரியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். "அஞ்சு வெச்சுக்கிட்டு எதுக்கு ரெண்டை இறக்கினே?"

"நீங்க எண்ணுவீங்கன்னுதான் அக்கா," அப்படின்னா. "எண்ணாதவங்ககிட்ட இந்தப் பொய்யைச் சொல்லி என்ன பிரயோஜனம்? இவர்கூட ஆடிப் பழகும்போது," சர்வேயரைக் காட்டினா, "அஞ்சாறு தடவை இப்படி இறக்கிப் பாத்தேன். இவர் ரெண்டா மூணான்னே கவனிக்கல."

சர்வேயர் கண்ணாடியைக் கழட்டினாரு.

"அடுத்த மாசத்துல இருந்து என்கூட ஆடுறியா?"ன்னு கேட்டேன். கேட்டு முடிச்ச பிறகுதான் கேட்டது நான்தான்னு உறைச்சுது. நெஞ்சு படபடன்னு அடிச்சுது. கல்யாணத்துக்கு இவர் என்னைக் கேட்டப்போகூட அப்படி அடிக்கல.

அப்புறம் சர்வேயர் மெதுவா, "அப்ப நான்?"ன்னாரு.

"என்கூட வாய்யா," நாய் டாக்டர் சீட்டைக் கலைச்சுக்கிட்டே சொன்னாரு. "எனக்கும்தான் ஆள் போச்சு."

மருந்துக்காரி எழுந்து என் முழங்கையைத் தொட்டா. ரெண்டு பேரும் காப்பி மெஷின் பக்கம் போனோம். அவ கோப்பையை வெச்சு பட்டனை அமுக்கினா, காப்பி விழுற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு நின்னா.

"என் வாய் தெரியும்ல?"ன்னேன். "தப்பு பண்ணினா கத்துவேன்."

"தெரியும். நானும் திருப்பிக் கத்துவேன்." கோப்பையை என்கிட்ட நீட்டினா. "எதிராளிகிட்ட எவ்வளவு வேணாலும் பொய் சொல்லலாம். கூட்டாளிங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லக் கூடாது, அப்படித்தானே?"

"ஆமா. சொன்னா ஆட்டமே நடக்காது."

"அப்ப நெஜத்தைச் சொல்லுங்க. இவரை நான் கட்டிக்கலாமா?"

வேற யாராவது கேட்டிருந்தா அவரைப் பத்தி நக்கலாவே பந்தி வெச்சிருப்பேன். இத்தனை வருஷமா நக்கல் அத்தனையும் நாக்கு நுனியிலதான் வெச்சிருக்கேன். திரும்பிப் பாத்தேன். அங்க அவர் அடுத்த ஆட்டத்துக்கு நாற்காலியை நேரா இழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தாரு. நாய் டாக்டர் என்னவோ சொல்றாரு, இவர் பணிவாக் கேட்டுக்கிறாரு. பாவமா இருந்துச்சு. கூடவே வலிச்சுது, இவ்வளவு நாள் கழிச்சு இது எதுக்கு இப்ப வலிக்குதுன்னு எனக்கே புரியல.

"கூட இருந்த காலம் பூரா என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல," அப்படின்னேன். "நான் காய்ச்சல்ல படுத்தா தூங்க மாட்டாரு. எனக்கு அது போதல. போதாம போனது அவர் குத்தம் இல்ல." காப்பியை ஒரு வாய் குடிச்சேன், சுட்டுச்சு. "நல்ல மனுஷன். கட்டிக்கோ."

அவ என் முகத்தைப் பாத்தா.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே அக்கா?"

"இருக்கு," அப்படின்னேன். "ஆனா செவ்வாய்க்கிழமை நீ வந்துடு."