கீழ் வீடு

நாற்காலியோடு சேர்த்து அவரைப் போர்வையால் கட்டினார்கள். அந்த இரும்புச் சுழல்படியில் படுக்க வைத்து இறக்க வழியில்லை. கொழுந்தன் மேலே பிடித்துக்கொள்ள, நடு மாடியில் குடியிருந்த டிரைவர் கீழே தாங்கினார். ஒவ்வொரு வளைவிலும் தலை கம்பியில் இடிக்கப் பார்த்தது.

“பாத்து, பாத்து… தலை” என்று சொல்லிக்கொண்டே அவள் பின்னால் இறங்கினாள். இனி அவருக்கு வலிக்காது என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

படியை வெளியே வைத்தது அவருடைய யோசனைதான். வீட்டுக்குள்ளே மாடிப்படி வைத்தால் ஒரு அறை போய்விடும், அதை வாடகைக்கு விட்டால் வட்டியில் பாதியை அதுவே கட்டிவிடும் என்றார். சொன்னபடி கட்டவும் செய்தது. பம்பு மெக்கானிக் சம்பளத்தை நம்பி வங்கியில் கடன் வாங்குகிறவன், தான் குடியிருக்க வீடு கட்டக்கூடாது என்பது அவர் கட்சி. ஆகவே கீழே ஒரு குடித்தனம், நடுவில் ஒரு குடித்தனம், உச்சியில் தகரக் கூரைக்கடியில் இவர்கள் இருவர். குழாய் ஒழுகினாலும் ஃபியூஸ் போனாலும் ஆளைக் கூப்பிட மாட்டார், தானே ஸ்பேனரோடு இறங்கிவிடுவார்.

“கடன் முடியட்டும், நாம கீழ போயிடலாம்” என்பார். முதல் கடன் முடியப்போகிற நேரத்தில், நடு மாடி எழுப்பித் தகரத்தை அதற்கு மேலே ஏற்ற இன்னொரு கடன் வாங்கினார். அதற்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். பிள்ளை குட்டி இல்லாதவர்கள் யாருக்காக இப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கிறார்கள் என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். அவர் அசரவில்லை. “வாடகைதான் நம்ம பிள்ளை. வயசான காலத்துல அதுதான் சோறு போடும்” என்றார்.

போன மாதம் உண்மையாகவே கடைசித் தவணை கட்டிப் பத்திரத்தை வாங்கி வந்தார். கீழ் வீட்டு நர்ஸிடம் காலி செய்யச் சொல்ல, அவளும் வேறு வீடு பார்த்துவிட்டாள். இன்று காலை தொட்டியில் தண்ணீர் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், டீ ஆறியும் எடுக்கவில்லை. ஓடி வந்து நாடி பிடித்துப் பார்த்தவளும் அந்த நர்ஸ்தான். “எங்க ஹால்லயே வச்சுக்கலாம்மா” என்று அவளே சொன்னாள்.

சோபாவை ஒதுக்கிக் கட்டில் போட்டிருந்தார்கள். அவள் வாசலிலேயே நின்றாள்.

“உள்ள வரலாமா?”

“என்னம்மா இது, உங்க வீடு” என்று நர்ஸ் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கட்டிலருகே உட்கார வைத்தாள்.

தரை குளிர்ந்திருந்தது. மேலே இந்நேரம் தகரம் அடுப்பாகக் காய்ந்துகொண்டிருக்கும். ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட வேண்டும் என்று அவள் நினைத்து வைத்திருந்த இடத்திலேயே அவரைக் கிடத்தியிருந்தார்கள். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இன்னும் ஒரே ஒரு மாதம் இருந்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்? எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தவர், இதைப் பார்க்கவில்லையே.

வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள், போனார்கள். வீட்டுத் தரகர் மட்டும் போகாமல் சுவரோரம் தயங்கினார். பிறகு அவளருகே வந்து குந்தினார்.

“இப்ப பேசுற பேச்சில்லக்கா. திட்டாதீங்க. நர்ஸம்மா காலி பண்றாங்கல்ல… நீங்க கீழ வந்துடுவீங்கதானே? ஒரு பார்ட்டி விடாம கேட்டுட்டே இருக்காங்க. இல்லன்னு சொல்லிடவா?”

அவள் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். அதையடுத்து இரண்டு அறைகள், சமையலறை, பின்கட்டு.

“எத்தனை பேரு?”

“அதுதாங்க்கா இடிக்குது. மூணு சின்னப் பசங்க. சுவரெல்லாம் கிறுக்கும், குதிக்கும்னு பசங்க உள்ளவங்களுக்கு அண்ணன் குடுக்கவே மாட்டாரு. நானும் கொண்டு வந்ததில்ல.”

“வரச் சொல்லுங்க.”

தரகர் அவள் முகத்தைப் பார்த்தார். “அப்ப நீங்க?”

“நான் ஒருத்தி. எனக்கெதுக்கு இத்தனை ரூமு?”

“சரிக்கா. பசங்க சத்தம் போடாம இருக்கணும்னு முதல்லயே கண்டிஷனா சொல்லிடுறேன்.”

“வேணாம்” என்றாள் அவள். “அதெல்லாம் சொல்லாதீங்க.”

வண்டி வந்துவிட்டது என்று கொழுந்தன் வாசலிலிருந்து தலையசைத்தான். நர்ஸ் கட்டிலை எடுக்க வழி விட்டு சோபாவை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். அவள் எழுந்திருக்கவில்லை.

“ஒரு அஞ்சு நிமிஷம்” என்றாள். எல்லோரும் வெளியே போனார்கள். அவள் ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டு, அவர் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.