தேவி வெட்டிய மூன்று ஆட்டின்

கொரோனாவுக்கு அடுத்த வருஷம் ஆனி மாசக் கடைசியில், ஒடுகத்தூர் பக்கத்து மலையடிவாரத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த குணசீலன் தரையிலிருந்து எட்டடி உயரத்தில் இருந்தான். காரணம் ஊருக்கே தெரியும், கழுதை ஆட்டம். அவன் போளூரில் வாங்கிவந்த சீட்டுக்கட்டில் ஆடினால், கை முதலில் காலியானவர் ஒரு விரற்கடை மேலே எழும்புவார். கடைசிவரை சீட்டோடு உட்கார்ந்திருக்கும் கழுதை தரைக்கு வந்துவிடுவார். பக்கத்து வீட்டுக் குப்பன்கூட நாலு நாள் மிதந்தார், தோற்றார், இறங்கி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார். குணசீலன் மட்டும் நூற்றுச் சொச்சம் ஆட்டம் தோற்கவே இல்லை.

ஆட்டோ தூசு படிந்து நின்றது, பிரேக்குக்குக் கால் எட்டினால்தானே ஓட்டுவான். வேணுமென்றே தோற்றுப் பார்த்தான். ஜெயிக்கப் பார்த்துத் தோற்றால்தான் கணக்காம், அது செல்லவில்லை, தண்டனையாக இரண்டு விரற்கடை ஏறியதுதான் மிச்சம். இடுப்பில் மல்லாட்டை மூட்டையைக் கட்டினார்கள், மூட்டையும் சேர்ந்து எழும்பியது. கடைசியில் புளியமரத்தில் கயிறு போட்டுக் கட்டிவைத்தார்கள். ஆடி பிறந்தால் காற்று சும்மா இருக்காது. அவன் பெண்டாட்டி தேவி முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"கயிறு அறுந்து மலைக்கு அந்தாண்ட போய்ட்டீங்கன்னா நான் இன்னாங்க பண்றது?" என்று அண்ணாந்து கேட்டாள்.

சீட்டைத் தொட்டால் கை கழுவுகிற குடும்பத்தில் பிறந்தவள் அவள். அவனை ஆடித் தோற்கடித்து இறக்க, குப்பனிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள். ஸ்பேட், ஆட்டின், கிளாவர், டைமண்ட் என்று சீட்டில் நாலு ஜாதி. ஒருவர் ஸ்பேட் போட்டால் எல்லாரும் ஸ்பேட் போட வேண்டும். இல்லாதவர் வேறு சீட்டைப் போட்டு வெட்டலாம். வெட்டு விழுந்தால், அந்த ஸ்பேடில் பெரிசு போட்டவர் மொத்தத்தையும் அள்ளிக்கொள்ள வேண்டும், விழாவிட்டால் போட்டதெல்லாம் கழிந்துவிடும். இவ்வளவுதான் சட்டம். ஆனால் தேவி ராஜா ராணிகளை நகையைப் பீரோவில் வைப்பது மாதிரி பத்திரப்படுத்தினாள், பதினாலு ஆட்டம் வரிசையாகக் கழுதையானாள். "பெர்ச முதல்லயே தொலச்சிடணும்மா, எல்லார் கையிலயும் அந்த ஜாதி இருக்கறப்பவே" என்றார் குப்பன். அதன்பின் தொலைத்தாள். எது எத்தனை போயிற்று என்று எண்ணவும் பழகினாள். அப்படியும் ஜெயிக்க முடியவில்லை.

ஒருநாள் சீட்டைப் பிரிக்கும்போது அவன் நிழல் தன் மடியில் விழுந்திருப்பதைப் பார்த்தாள். அடப்பாவி மனுஷா, மேலேயிருந்து எல்லார் கையையும் பார்த்தல்லவா ஆடுகிறான். ஏற ஏற நன்றாகத் தெரிந்திருக்கும். எண்ணுவதைக்கூட விட்டுவிட்டிருந்தான்.

மறுநாள் தேவி சீட்டை முந்தானைக்குள் வைத்து ஒரே தடவை பார்த்தாள், மனசில் வாங்கிக்கொண்டு கவிழ்த்துவிட்டாள். குப்பனும் துண்டைப் போட்டு மூடிக்கொண்டார். "இன்னா புதுசா?" என்றான் குணசீலன். அவன் கையில் நாலு சீட்டு இருக்கையில் அவளிடம் மூன்று, மூன்றும் ஆட்டின். அவன் கிளாவர் ராஜா போட்டான், வெட்டினாள். ஸ்பேட் போட்டான், வெட்டினாள். யோசித்து யோசித்து டைமண்ட் போட்டான், அதையும் வெட்டினாள். மூன்று தடவையும் அவனே அள்ளியதில் அவன் கையில் நாலு பத்தாயிற்று. ஒவ்வொரு சீட்டுக்கும் இறங்கிக்கொண்டே வந்தவன், குப்பன் கையும் காலியானபோது தரையில் தொப்பென்று உட்கார்ந்தான். தேவி அழுதாள். அழும்போதே ஒரு விரற்கடை எழும்பியிருந்தாள்.

"இன்னொரு ஆட்டம் போட்லாம், எறங்கிடு" என்று அன்றே கெஞ்சினான். "ஒரு வெரக்கட தானே, நான் எங்கியும் போய்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அதன்பின் அவள் சீட்டைத் தொடவில்லை. ஒரு மாசத்தில் பித்தவெடிப்பு ஆறியது. அந்த வருஷம் எடுத்த செருப்பு இன்னும் புதுசாகவே இருக்கிறது. ஆட்டோ மறுபடி ஓடுகிறது. ஆடி மாசம் ஒடுகத்தூர் சந்தைக்குப் போனால் மட்டும் குணசீலன் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடக்கிறான். இந்தப் பக்கம் எந்தப் புருஷனும் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதில்லை, ஜனங்கள் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.