மூன்றாவது ஓலை

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மாதா கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் இரண்டாவது ஓலையையும் வாசித்து முடித்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தடை தெரிந்த ஒரே ஆள் பெண்கள் பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள்தான் கல்யாணப் பெண், பிளாரன்ஸ்.

முதல் புருஷன் கப்பல்காரன். ஹெர்ப்பிஸ் என்ற வைரஸை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசாமலே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். மகராசன், சென்ட் பாட்டில் கொண்டுவந்ததை மட்டும் ஊரெல்லாம் சொல்லுவான். தூத்துக்குடியில் டாக்டரிடம் காட்டினால் யார் கண்ணிலாவது படும் என்று பிளாரன்ஸ் பாளையங்கோட்டைக்குத் தனியே பஸ் ஏறினாள். டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். இது உடம்பை விட்டுப் போகாது. கொப்புளம் வரும், மாத்திரையில் அடங்கும். தட்டிலோ துணியிலோ ஒட்டாது. கொப்புளம் இருக்கும்போது சேரக்கூடாது. மற்ற நாளில் ஆணுறையும் தினசரி மாத்திரையும் இருந்தால் தொற்றுவது வெகுவாகக் குறையும், அறவே தொற்றாது என்று சொல்ல முடியாது. எல்லாம் புரிந்தது. ஆனாலும் அக்கா பிள்ளையைத் தூக்கப் பயந்து விலகியே திரிந்தாள். அக்கா அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றாள்.

கட்டிக்கொள்ளப் போகிற தேவபிரசாதம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அவனும் மனைவியை இழந்தவன். சனிக்கிழமை சாயங்காலம் அவனைக் கடற்கரைக்கு வரச்சொல்லி, டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"செத்துப்போன அவரு உங்கிட்ட சொல்லலையா?" என்று மட்டும் கேட்டான்.

"சொல்லல. அதான் நான் சொல்லுதேன்."

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் ஞாயிறு பூசையில் மற்ற ஜோடிகளின் ஓலையை வாசித்தார்கள். மூன்றாவது தடவையாக வரவேண்டிய இவர்கள் பேர் வரவில்லை. முன்வரிசைத் தலைகள் மொத்தமும் திரும்பின. தேவபிரசாதம் கோயிலுக்கே வரவில்லை. பிளாரன்ஸ் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வெட்கப்படவும் செய்தாள்.

மத்தியானம் போன் அடித்தது.

"நான்தான் ஓலைய அடுத்த வாரம் வாசிக்கச் சொன்னேன்," என்றான் தேவபிரசாதம். "அந்த டாக்டரம்மா என்னைக்கு இருப்பாவ? எனக்கும் கேக்க வேண்டியது கெடக்கு. நானும் கூட வாரேன்."

அவள் போனைக் காதில் வைத்தபடியே அலமாரியில் டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சீட்டைத் தேடினாள்.

"ஏளா, கேக்குதா?"

கேட்டது. "சீட்டுல நாள் போட்டிருக்கு, பாத்துச் சொல்லுதேன்," என்றாள்.