கடல்காற்றுக்குக் காத்திருந்த ஞாயிறு

மாமல்லபுரம் டீக்கடை பெஞ்சிலிருந்து செங்கல்வராயன் மூன்றாவது முறையாக எழுந்தார்.

"பாய், மணி எட்டாச்சு. இப்ப கெளம்புனா பத்துக்குள்ள வூட்ல இருக்கலாம்."

ஷேக் தாவூத் அசையவில்லை. செங்கல்பட்டு பஜாரில் செருப்புக்கடை வைத்திருக்கும் அவருக்கும், தபாலாபீஸ்காரரான செங்கல்வராயனுக்கும் நான்கு வருடமாக ஞாயிறு என்றால் சைக்கிள்தான். கோடையில் விடிகாலை மேலைக்காற்று முதுகில் கைவைத்துத் தள்ள, திருக்கழுக்குன்றம் வழியாகக் கடலுக்கு வருவார்கள். பதினொரு மணிவாக்கில் கடல்காற்று எழும்பி அவர்களை வீட்டில் கொண்டுபோய் விடும். இந்தக் காற்றுக்கணக்கைக் கண்டுபிடித்தவர் தாவூத். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"எதிர்க்காத்துல இன்னாத்துக்கு மிதிக்கணும்? குந்து. கடல்காத்து வந்துரும்."

அக்னி நட்சத்திரத்தின் இரண்டாம் வாரம் அது. பதினொன்றாயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. கடல் அசையாமல் கிடந்தது. மேலைக்காற்றுதான் அடுப்பைத் திறந்துவிட்டதுபோல் இன்னும் வீசிக்கொண்டிருந்தது. ஒரு மினிவேன் பிடித்துச் சைக்கிள்களை ஏற்றியிருக்கலாம். சொன்னால் தன் கணக்குத் தப்பியதாகிவிடும் என்று தாவூத் சொல்லவில்லை. கிளம்பினார்கள்.

திருக்கழுக்குன்றத்துக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது பின்னால் சத்தம் கேட்டது. செங்கல்வராயன் சாலையோரம் விழுந்து கிடந்தார். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை.

பிழைத்துக்கொண்டார். ஆனால் நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி வசந்தா, "மொட்ட வெயில் வரிக்கும் அங்க இன்னா பண்ணிகினு இருந்தீங்க?" என்று அழுதபோது, "நான்தான்... காத்து வரட்டும்னேன். பாய் அப்பவே கூப்ட்டாரு" என்றார், தாவூத்தைப் பார்க்காமலே. தாவூத் வாயைத் திறந்தார். பக்கத்தில் வந்த நர்ஸிடம் குளுக்கோஸ் எப்போது முடியும் என்று கேட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்த வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனார். ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனிவரை வந்து திரும்பியது. ஐப்பசி முதல் மழை பிடித்த சாயங்காலம், இன்று சொல்லாமல் திரும்புவதில்லை என்று சைக்கிளை எடுத்தார்.

செங்கல்வராயன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வசந்தா டீயை நீட்டினாள். தாவூத் வாங்கவில்லை.

"அன்னிக்கு அவுரு எட்டு மணிக்கே கெளம்பலாம்னாரும்மா. நான்தான் வுடல."

வசந்தா டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"தெரியும் பாய். தூக்கத்துல 'எட்டாச்சு, போலாம்'னு பொலம்புறாரு. நீங்களா சொல்வீங்கன்னு அஞ்சு மாசமா பாத்துகினு இருந்தேன்."

திண்ணையில் சாத்தியிருந்த சைக்கிளை அவள் காட்டினாள்: "அவரு சைக்கிள எடுத்துகினு போயிடுங்க. நிக்கவே தள்ளாடுறவரு, அதப் பாத்தா ஏறணும்னு அழுவுறாரு."

தெருவில் மழை வலுத்திருந்தது. கைக்கொன்றாக இரண்டு சைக்கிள்களையும் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார் தாவூத். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கக் கை ஒழியவில்லை. நாலடிக்கு ஒருதரம் ஒன்றின் பெடல் மற்றதன் கம்பிகளுக்குள் போய் மாட்டிக்கொண்டது. நின்று, காலால் அதை விலக்கிவிட்டு, மறுபடியும் தள்ளினார்.