சுக்கியும் அவளது பெருக்கமும்

ஊரப்பாக்கத்தில் தினகரனின் வீட்டுக்கு சுக்கி என்ற பெண் வந்து சேர்ந்தபோது அவள் இறந்து இருநூறு வருடங்கள் ஆகியிருந்தன. ஐப்பசி மாதத்துக் காலை. தண்ணீர் கேன் போடுகிறவர்தான் முதலில் பார்த்தார். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கறுத்து நெடிய பெண் ஒருத்தி நிற்கிறாள், முரட்டுத் துணியில் பாவாடை, காலெல்லாம் செம்மண் ஈரம், புகையிலை வாசம் அடிக்கிறது என்று வீட்டுக்குள் குரல் கொடுத்துவிட்டு, காலி கேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். தெரு நாய் குரைத்ததும் அந்தப் பெண் கல்லுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டாள். நாய் போன பிறகும் வெகுநேரம் வெளியே வரவில்லை.

தினகரனின் மனைவி ஜெயஸ்ரீ தாம்பரத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அமெரிக்காவில் தங்கள் வம்சத்தைத் தேடுகிறவர்கள் அதிகம். அவர்களுக்காக அந்த நாட்டுக் கோர்ட்டுகளில் கிடக்கும் பழைய உயில்களையும், செத்தவர் விட்டுப்போன சொத்துப் பட்டியல்களையும் படம் பிடித்து அனுப்புவார்கள். கோணல் மாணலான அந்தக் கையெழுத்தைப் படித்து கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது வேலை. அந்த வருடம் மழை தொடங்கியதிலிருந்து, அடித்தவை எல்லாம் அடித்தவர் வீட்டுக்கே வர ஆரம்பித்தன. பம்மலில் இருந்த ஃபிரெடியின் வீட்டு வாசலில் ஒரு விதவையின் வெள்ளை முகச் சிவப்புப் பசு வந்து நின்றது. பால் கொஞ்சம் நீர்த்துதான் இருந்தது, டீக்குப் போதும். சேலையூர் வினிதாவின் வீட்டுக்கு இறகு மெத்தை வந்தது. அதில் படுத்தவர்களுக்குப் பனி பெய்கிற கனவு வந்தது. டீம் லீடர் பத்ரிக்கு ஒரு பாதிரியாரின் மூக்குக் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தால் இரங்கல் விளம்பரங்கள் மட்டும் தெரிந்தன. ஆபீசில் மதியச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் பேசிக்கொள்வார்கள், பேருந்து நெரிசலைப் பேசுவது போல.

ஜெயஸ்ரீ அடித்தது வர்ஜீனியாவில் புகையிலை பயிரிட்ட எட்வர்ட் ப்லாண்ட் என்பவரின் உயில். அந்த நாட்டில் அப்போது மனிதரை வாங்கவும் விற்கவும் சட்டம் இருந்தது. என் மகள் மார்த்தாவுக்கு ஆறு ஈயத் தட்டுகள், நூல் நூற்கும் ராட்டை ஒன்று, சுக்கி என்ற இருபத்தேழு வயது நீக்ரோப் பெண், அவளது இனி வரும் பெருக்கம் என்று ஒரே மூச்சில் எழுதியிருந்தது. பெருக்கம் என்பதற்கு ஆங்கிலத்தில் இன்க்ரீஸ் என்று இருந்ததால், சம்பள உயர்வு மாதிரி ஏதோ ஒன்று என்று ஜெயஸ்ரீ நினைத்தாள். பிறக்கப் போகும் பிள்ளைகள் என்று பத்ரி விளக்கியதும் அந்த வரியை முதலிலிருந்து மறுபடி படித்தாள். பக்கத்தின் கடைசி வரி, என் மகன் ஜானுக்கு சுக்கியின் பிள்ளை, என்று தொடங்கி அங்கேயே முடிந்தது. அடுத்த பக்கம் கம்பெனியின் மணிலா ஆபீசுக்குப் போய்விட்டது; அங்கே அடித்தவை எதுவும் யார் வீட்டுக்கும் வந்ததில்லை. மறுநாள் காலை தட்டுகள் சமையல் மேடையில் இருந்தன, ராட்டை ஹாலில் இருந்தது, சுக்கி கல்லருகே நின்றாள்.

யாராவது சாமியாரைக் கூப்பிடலாம் என்று தினகரன் சொன்னான். அவனுடைய அம்மா பச்சையம்மா ஒப்புக்கொள்ளவில்லை. வயலாக இருந்த இடத்தில் வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டவள் அவள். வருகிற ஆளை வாசலிலேயே நிறுத்தி எடைபோடத் தெரியும்.

“அவ இன்னா பண்ணா உன்ன? நின்னுகினு கீறா. இருந்துட்டுப் போவட்டும்.”

சுக்கி பேசிய ஒரே சொல் டேவி. அது அவளுடைய பிள்ளையின் பெயர் என்று புரிய அதிக நேரம் ஆகவில்லை. உயிலில் இருந்ததை ஜெயஸ்ரீ சொன்னபோது பச்சையம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“இன்னாடி சொல்ற? புள்ளையவா எழுதி வெச்சான்? மாடு கன்னு மாதிரியா?”

“ஆமா அத்தே. தாய் மகளுக்கு. பிள்ளை மகனுக்கு.”

பச்சையம்மா கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று அந்த வீட்டில் குழம்பு வைக்கவில்லை.

காலையில் பள்ளிக்கூட வேன் தெருவுக்குள் வரும்போதெல்லாம் சுக்கி கேட்டைத் திறந்துகொண்டு போவாள். வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்ப்பாள். ஒன்றும் செய்யமாட்டாள், பார்ப்பாள், அவ்வளவுதான். வேன் கிளம்பினால் ஜி.எஸ்.டி. ரோடு வரை கூடவே ஓடுவாள். ஓடிய வழியெல்லாம் ஈரமான காலடிகள் கிடக்கும். அவை வெயிலிலும் காய்வதில்லை. மாலையில் அதே வேன் திரும்பும்போது மறுபடியும். பிள்ளைகள் தூக்கத்தில் டேவி, டேவி என்று பிதற்ற ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டு சுஜி நாலைந்து தாய்மார்களோடு வந்தாள்.

“பாவமாத்தான் கீதுக்கா. ஆனா என் பொண்ணு நேத்து அதும் பேரையே மறந்துட்டா. டேவின்னு கூப்ட்டாத்தான் திரும்பறா. ஏதாவது பண்ணுங்க. இல்லன்னா நாங்க வூடு மாத்தினு போறோம்.”

அவள் மிரட்டவில்லை. சொல்லும்போது அழுதாள்.

அன்றிலிருந்து ஜெயஸ்ரீ டேவியைத் தேடினாள். வேலை முடிந்ததும் சீட்டிலேயே உட்கார்ந்து கம்பெனியின் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். படித்தால் எதுவும் வராது, அடித்தால்தான் வரும் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டேவிக்குக் குடும்பப் பெயர் கிடையாது, கல்யாணப் பதிவு கிடையாது, கல்லறை கிடையாது. அவனைத் தேடினால் அவன் கிடைக்கமாட்டான் என்பதைக் கற்றுக்கொள்ளவே அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. அவனை வைத்திருந்தவர்களின் சாவுகளைத் தேட வேண்டும். யாராவது செத்தால்தான் அவன் பெயர் காகிதத்தில் ஏறும். ஜான் எங்கே குடிபோனான், யாரைக் கட்டினான், எப்போது செத்தான் என்று தன் சொந்த மாமனார் வம்சத்தைவிட அந்தப் புகையிலைக்காரர் வம்சம் அவளுக்கு மனப்பாடம் ஆனது.

ஜான் தெற்கே ஜார்ஜியாவுக்குப் போய் அங்கே செத்திருந்தான். அவனுடைய சொத்துப் பட்டியலில் கலப்பைக்கும் கோவேறு கழுதைக்கும் நடுவே டேவி இருந்தான். சக்கர வேலை தெரிந்தவன், ஓடிப்போகும் பழக்கம் உள்ளவன், கழுத்தில் இரும்பு வளையத்தோடு, என்று இருந்தது. வீட்டுக்கு வந்து ஜெயஸ்ரீ அதைச் சொன்னாள்.

“ஓடியிருக்கான் அத்தே. திரும்பத் திரும்ப.”

“எங்க ஓடுவான்?” என்றாள் பச்சையம்மா. “இவகிட்டதான்.”

அந்த வரியை அடித்தால் இளைஞனான டேவி வருவான். கழுத்து இரும்போடு வருவான். தட்டு எழுதியபடி வந்தது, பசு எழுதியபடி வந்தது. ஜெயஸ்ரீ அதை அடிக்காமல் கோப்பை மூடினாள். மேலும் தேடினாள். ஜானின் சொத்து ஏலத்தில் டேவியை வாங்கியவர் சாகும் முன் எழுதிய உயில் கிடைத்தது. அப்போது டேவிக்கு அறுபது தாண்டியிருக்க வேண்டும். அதில் ஒரு வரி. கிழவன் டேவி என் பிள்ளைகளில் யாரோடு இருக்க விரும்புகிறானோ அவரோடு இருக்கட்டும். மற்ற காகிதங்களில் அவனைக் கொடுத்தார்கள், எடுத்தார்கள், விற்றார்கள். இந்த ஒரு வரியில்தான் அவன் எதையாவது விரும்பலாம். அதற்குப் பிறகு எந்தக் காகிதத்திலும் அவன் இல்லை.

“சின்னப் புள்ளையா வரமாட்டான் அத்தே. கிழவனாத்தான் வருவான். அவங்களுக்கு அடையாளம் தெரியலன்னா?”

“வரட்டும்டி. மீதிய அவ பாத்துப்பா.”

அந்தக் கோப்பு வினிதாவுக்கு ஒதுக்கியது. ஜெயஸ்ரீ பத்ரியிடம் போய்க் கேட்டாள்.

“ஒருத்தர் ஃபைலை இன்னொருத்தருக்கு மாத்தினா கிளையன்ட்டுக்குத் தெரிஞ்சிடும் ஜெயஸ்ரீ. பெரிய பேஜார். என்னால முடியாது.”

“சார், அந்த டேவியோட அம்மா எங்க வீட்ல இருக்காங்க.”

பத்ரி பாதிரியாரின் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு கோப்பை அவள் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். அவள் அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். பிழை இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்து, மதிய ரயிலைப் பிடித்தாள். வண்டலூரில் சிக்னலுக்காக ரயில் நின்றபோது இறங்கி வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது.

மறுநாள் காலை வரை காத்திராமல், கேட்டுக்கு வெளியே, தொப்பியைக் கையில் பிடித்தபடி, முதுகு வளைந்த ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார். நரைத்த தலை. கழுத்தைச் சுற்றிப் பழைய தழும்பு. உள்ளே வரலாம் என்று யாரும் சொல்லாததால் நிற்பது போல நின்றார். சுக்கி வாசலில் இருந்தாள். அவரைப் பார்த்தாள், வேன் வரும் திசையைப் பார்த்தாள், மறுபடியும் அவரைப் பார்த்தாள். சுக்கி மெல்ல நடந்து வந்து அவரை ஒருமுறை சுற்றினாள். பிறகு எட்டி அந்த நரைத்த தலையைத் தன் பக்கம் சாய்த்து, பிறந்த குழந்தையின் உச்சியை மோந்து பார்ப்பது போல மோந்தாள். கிழவர் தெருவிலேயே மண்டியிட்டார். இருபத்தேழு வயதுத் தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அவர் அழுத சத்தம் ரயில்வே கேட் வரை கேட்டது. சுஜி தன் வீட்டு மாடியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை அவளுடைய மகள் தன் பெயருக்குத் திரும்பினாள்.

அதற்குப் பிறகு வேன் வந்தது, போனது. சுக்கி தலை தூக்கவில்லை. தாயும் மகனும் மாடிப் போர்ஷனில் இருந்தார்கள். ஜெயஸ்ரீயின் ஆபீசுக்கு உயில் வேலை வருவது நின்று, ஆஸ்பத்திரி பில்கள் வர ஆரம்பித்தன. ஃபிரெடியின் பசு கன்று போட்டது. டேவி தெருவில் வருகிற தள்ளுவண்டிகளின் சக்கரங்களைச் சரிசெய்து கொடுத்தார். இரண்டு மழைக்காலம் போன பிறகு பச்சையம்மா தன் வீடுகளுக்கு உயில் எழுதப் போனாள். பத்திரம் எழுதுகிறவர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, மாடிப் போர்ஷன் என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

“மேல இருக்கறவங்க யாரும்மா? உறவு இன்னா? யாருக்குச் சேரணும்?”

“யாருக்கும் சேரமாட்டாங்க. அத்த மொதல்ல எழுது.”

“அப்டில்லாம் எழுத முடியாதும்மா. ஏதாவது ஒண்ணு போடணும்.”

“இருக்கறவரைக்கும் இருப்பாங்க, போவணும்னா போவாங்க. அவங்க இஷ்டம். எழுதுய்யா.”

அவர் எழுதினார். ரிஜிஸ்தர் ஆபீசில் அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. இப்போது ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி வழி கேட்டால், கிழவரைவிட அவருடைய அம்மா சின்னப் பெண்ணாக இருக்கிற வீடா, இரண்டாவது இடது என்று சொல்லிவிட்டு ஆட்டோக்காரர் தன் போனைப் பார்க்கப் போய்விடுவார்.