காதுக்கு மேலே ஒரு கிளை

எலிகளின் ஞாபகசக்தியை ஆராயும் விஞ்ஞானிக்கு ஐம்பத்திரண்டாம் வயதில் இடது காதுக்கு மேலே ஒரு கிளை முளைத்தது. பெரிதாக ஒன்றுமில்லை, சுண்டுவிரல் நீளம், மூன்று இலை.

மூளையில் சுரக்கும் வளர்ச்சிப் புரதம் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறவர் அவர். ஓடியாடிப் புதிதாக எதையாவது கற்கும் எலிக்கு அந்தப் புரதம் கூடும், மூளைச் செல்கள் கிளைவிடும், கற்றது மனசில் நிற்கும் என்பார். ஊருக்குத்தான் உபதேசம். அவர் நாற்காலியைவிட்டு எழுந்ததே சாப்பிடவும் தூங்கவும்தான். வழி மறந்து நிற்கும் எலியைப் பார்த்து "மக்கு" என்று சிரித்துவிட்டு, தன் வண்டி எங்கே நிற்கிறது என்று வாட்ச்மேனிடம் கேட்பார். ஒருநாள் மகளை நீச்சல் குளத்தில் விட்டவர், அப்படியொரு மகள் இருப்பதையே மறந்து வீட்டுக்கு வந்து டிவி போட்டார். குளம் பூட்டிய பிறகு மழையில் நின்றவளை, முடிதிருத்தும் கடை வைத்திருந்த மனைவி போய்க் கூட்டிவந்தாள். மகள் அழவில்லை. "எலிக்குச் சொல்றத நீங்க செய்ய மாட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அது சுருக்கென்று தைத்தது. மறுவாரமே தொப்பையை எக்கிக்கொண்டு மகளோடு நீச்சல் வகுப்பில் சேர்ந்தார். முழங்கால் தண்ணீரிலும் மூழ்கத் தெரிந்த ஒரே ஆள் என்று பயிற்சியாளர் மெச்சினார். முதன்முதலாக மிதந்த நாளுக்கு மறுநாள்தான் கிளை வந்தது. நீந்தியபடியே மூச்சுவிடக் கற்றபோது அதில் ஒரு கவடு பிரிந்தது. மனைவி தொட்டுப் பார்த்து, "முடின்னா வெட்டிருப்பேன். இது ஏதோ நல்லதுக்கு வந்த மாதிரி இருக்கு, விட்டுடுங்க" என்றாள். சொன்ன பேச்சைக் கேட்டால் அவர் ஏன் விஞ்ஞானி? மாநாட்டுக்குப் போகும் அன்று வெட்கப்பட்டு, கண்ணாடி முன் நின்று தானே கத்தரித்தார். மேடையில் புரதத்தின் பெயர் வரவில்லை. "அதாங்க, அந்த... இது" என்றே பேசி முடித்தார். கைதட்டினார்கள், அவர்களுக்கும் ஞாபகம் இல்லை போலும்.

திரும்பி வந்து குளத்தில் இறங்கியதும் கல்லாக முழுகினார். மகள்தான் பயிற்சியாளரோடு சேர்ந்து இழுத்துப் போட்டாள். கரையில் கிடந்து இருமியபடி அவர் அவளைப் பார்த்து, "நீ யாரு பாப்பா?" என்றார்.

அவள் முகம் ஒரு கணம் கோணியது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உங்க நீச்சல் டீச்சர். எழுந்திரிங்க, காலை உதைச்சுக் காட்டுங்க" என்றாள்.

முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அவர் முகவாயைத் தாங்கிப் பிடித்தபடி மாதக்கணக்கில் தண்ணீரில் கூடவே நடந்தாள். வெட்டின இடத்தில் மறுபடி துளிர் விட்ட காலையில், பல் தேய்த்துக்கொண்டே "குட்டிம்மா" என்று மகளைக் கூப்பிட்டார். குளியலறைக்கு வெளியே தட்டு ஒன்று கீழே விழுந்தது.

இப்போது கிளை தோளைத் தாண்டிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் இலையை ஒதுக்கிவிட்டுப் பேப்பர் படிக்கிறார். குளத்திலிருந்து நடந்து வரும்போது மகள் தன் ஈரத் துண்டை அதில் போடுகிறாள். வெயில் காலமென்றால் வீடு வருவதற்குள் காய்ந்துவிடுகிறது.